கரண்டி யார் கையில்?

சிலப்பதிகாரத்தில் கண்ணகி அடுப்படியில் நிற்கும் காட்சி ஒரே ஒரு வேளைக்குத்தான் விரிவாக வருகிறது. அதுவும் எங்கள் புகாரில் இல்லை. மதுரைக்கு வெளியே, மாதரி என்ற இடையர்குலப் பெண் தங்கக் கொடுத்த சின்ன வீட்டில். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால், நெய் என்று சாமான்கள் வந்து சேருகின்றன. வளைந்த அரிவாளில் காய் அரிந்து விரல் சிவக்கிறது, முகம் வேர்க்கிறது, புகையில் கண் கலங்கிச் சிவக்கிறது. வைக்கோலைப் போட்டு அடுப்பு மூட்டிக் கொடுக்கிறவள் மாதரியின் மகள் ஐயை. கொலைக்களக் காதையில் இளங்கோவடிகள் இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டுத்தான் கோவலனைச் சிலம்போடு வெளியே அனுப்புகிறார்.

மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்திய காலத்தில் இந்த இடத்தை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். கேள்வித்தாளில் சிலம்புதான் வரும், வெள்ளரிக்காய் வராது. ஓய்வுபெற்ற பிறகு தர்மகுளத்தில் ஒரு சமையல் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே வானகிரியிலிருந்து வரும் ஒரு பெண் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே கேட்டாள்: “சார், கண்ணகி பெரிய இடத்துப் பொண்ணு, பெரிய இடத்து மருமக. வீட்ல ஆளுங்க இருந்திருப்பாங்கதானே? அவளுக்குச் சமைக்க யாரு சார் கத்துக்குடுத்தது?”

பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வி. விடை காப்பியத்திலேயே இருக்கிறது. கல்யாணமான கையோடு கோவலனின் தாய் இருவரையும் தனிக்குடித்தனம் வைக்கிறாள். விருந்தினரை எதிர்கொண்டு சோறிடும் வீடு அது. கோவலன் பிரிந்த காலத்தில் அந்த விருந்தோம்பலை இழந்ததைத்தான் கண்ணகி மதுரையில் சொல்லி வருந்துகிறாள். ஆக, பணக்கார வீடுதான், ஆனால் அடுப்பு ஓயாத வீடு. பக்கத்தில் நின்று, எடுத்துக் கொடுத்து, கிளறிப் பார்த்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அங்கே இருந்தது. அந்த மாதிரி வீடுகள் இப்போது இல்லை. மாமியார் ஓர் ஊரில், மருமகள் ஓர் ஊரில், அடுப்படியில் ஒரே ஆள். அந்த இடத்தைத்தான் சமையல் வகுப்பு பிடித்திருக்கிறது. பிடிக்க வேண்டுமானால் வகுப்பும் அந்த அடுப்படி மாதிரியே நடக்க வேண்டும், கரண்டி கற்றுக்கொள்கிறவர் கையில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பூம்புகாருக்கு வருகிறவர்கள் 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்ப்பார்கள், காவிரி கடலில் சேருமிடத்தில் கால் நனைப்பார்கள், கடற்கரையில் வறுத்த மீன் வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறுவார்கள். இங்கே சமையல் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது ஊர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. பலகை கிடையாது. கொல்லைப்புறத்தில் கீற்றுக் கொட்டகை, வரிசையாக காஸ் அடுப்புகள், ஓரமாக இரண்டு விறகடுப்பு. நடத்துகிறவர் கணவரோடு சேர்ந்து சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் சமைத்தவர். வயதில் நான் மூத்தவன் என்றாலும் எல்லோரையும் போல நானும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறேன். அவருக்கு நான் ‘சார்’.

என்னோடு படிப்பவர்கள்: லண்டனுக்கு வேலைக்குப் போகக் காத்திருக்கும் ஒரு நர்ஸ், கல்யாணம் நிச்சயமான இரண்டு பெண்கள், மசாலாப் பொடி அரைத்து விற்க நினைக்கும் வானகிரிப் பெண், கப்பலில் சமையல் வேலை தேடும் ஒரு பையன். அவன் கேட்டரிங் படித்தவன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெப்பமானி வைத்திருப்பான். அவனை ஏன் சேர்ந்தாய் என்று கேட்டேன். “அங்க நாப்பது பேருக்கு ஒருத்தர் செஞ்சு காட்டுவாங்க சார். கடைசி வரிசைல நின்னா ஆவி மட்டும்தான் தெரியும்” என்றான்.

முதல் நாளே அக்கா சட்டம் போட்டுவிட்டார். “நான் செஞ்சு காட்டமாட்டேன். நீங்க செய்ங்க, நான் பாக்குறேன். நோட்டுப் புத்தகம்லாம் சாப்ட்ட அப்புறம் எடுக்கலாம்.”

கேட்பதற்கு ஏதோ பிடிவாதம் போலத் தெரியும். ஆனால் செய்து காட்டும் வகுப்பின் கோளாறு சமைத்துப் பார்த்தால்தான் புரிகிறது. வெங்காயம் ‘பொன்னிறமாக’ வதங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காணொளியிலும் பொன்னிறமாகத்தான் தெரிகிறது. அந்த நிறம் வருவதற்குச் சற்று முன்னால் வாசனை மாறும், சட்டியில் கேட்கும் சலசலப்பு அடங்கும், கரண்டியில் ஒட்டும் தன்மை வேறாகும். வெங்காயத்தின் நீர் வற்றிய பிறகுதான் அது சிவக்கத் தொடங்கும் என்பதால் ஓசை அடங்குவதே முதல் தகவல். மூக்குக்கும் காதுக்கும் மணிக்கட்டுக்கும் வர வேண்டிய தகவலைக் கண் ஒன்றே வாங்கிவிட முடியாது.

எங்கள் முதல் பாடம் சோறு. நெல் விளையும் ஊரில் வேறெதில் தொடங்க முடியும்? நான் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன், ஏதோ கூட்டு, குழம்பு என்று வரும் என்று எதிர்பார்த்தேன். அக்கா நான்கு முறத்தில் நான்கு அரிசி வைத்திருந்தார். தை அறுவடையில் வந்த புது அரிசி, ஒரு வருடம் பழசான அதே அரிசி, பொன்மணிப் புழுங்கல், மாப்பிள்ளைச் சம்பா. ஆளுக்கொன்று வடிக்கச் சொன்னார். தண்ணீர் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று எதுவும் சொல்லவில்லை.

புது அரிசி குழைந்து நின்றது. பழைய அரிசி கூடுதலாகத் தண்ணீர் குடித்து, உதிரி உதிரியாகப் பூத்தது. அரிசி பழசாகப் பழசாக உள்ளே இருக்கும் மாவுச்சத்தும் புரதமும் இறுகிக்கொள்கின்றன, அதனால் வெந்தாலும் பசை எளிதில் வெளியே வருவதில்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து அரைக்கும் புழுங்கலில் மாவுச்சத்து ஏற்கெனவே ஒருமுறை வெந்து இறுகியிருக்கிறது, தவிட்டில் உள்ள சத்தில் ஒரு பங்கு அவிக்கும்போதே உள்ளே இறங்கிவிடுகிறது. பொன்மணி என்று நாம் சொல்வது சி.ஆர். 1009, டெல்டாவில் இட்லிக்கு அதைத்தான் தேடுவார்கள். மாப்பிள்ளைச் சம்பா முன்கூட்டியே ஊறாமல் அசையவே அசையாது. அதை எடுத்த நர்ஸ் பாப்பா, மற்றவர்கள் சாப்பிட உட்காரும்வரை அடுப்பைவிட்டு நகரவில்லை.

மாப்பிள்ளைச் சம்பா இன்று கடைகளில் கிடைப்பதற்குத் திருத்துறைப்பூண்டி பக்கத்து ‘நெல்’ ஜெயராமனுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, விதையைக் கொடுத்து, விளைந்ததில் இரு மடங்காகத் திருப்பி வாங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைப் பரவவிட்டவர் அவர். 2018 டிசம்பரில் காலமானார். ஒரு பக்கம் அது, மறு பக்கம் 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. ரகங்கள். இரண்டும் ஒரே சந்தையில் விற்கின்றன. ஆனால் ஒவ்வொன்றையும் எப்படி வேகவைப்பது என்ற அறிவை எந்தச் சாக்கிலும் அச்சடித்து ஒட்டுவதில்லை. பாரம்பரிய அரிசியை ஆசையாக வாங்கிப் போய், குக்கரில் மூன்று விசில் விட்டு, கல்லாய் இருக்கிறது என்று தூக்கி வைத்தவர்கள் எத்தனை பேர்!

வடிப்பது தனிக் கலை. பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் நடுவே வெள்ளைப் பொட்டு தெரியக்கூடாது, ஆனால் கூழாகவும் ஆகிவிடக்கூடாது. அந்த நிமிடத்தில் தட்டை வைத்து மூடி, துணி பிடித்து, பானையைச் சாய்க்க வேண்டும். இதை எழுதிவிடலாம். கொதிக்கும் பானையின் கனம் மணிக்கட்டில் இறங்கும்போது தட்டு நழுவாமல் கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும் என்பதை எழுத முடியவில்லை. அக்கா பின்னால் வந்து என் விரலை நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். வடித்த கஞ்சி வாளியில் நிறைந்தபோது எனக்குப் பட்டினப்பாலை நினைவு வந்தது. கரிகாலன் காலத்துப் புகாரில் சோறாக்கும் சாலைகளிலிருந்து வடித்த கஞ்சி தெருவில் ஆறாக ஓடியதாகவும், எருதுகள் முட்டி மோதி அது சேறானதாகவும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். மிகைதான். ஆனால் அந்த மிகைக்கு அடியில் பெரிய அண்டாக்களையும், அவற்றைச் சாய்க்கத் தெரிந்த ஒரு கூட்டத்தையும் இப்போதுதான் என்னால் பார்க்க முடிகிறது. எங்கள் கஞ்சியை அக்கா கொட்டவிடவில்லை. கொஞ்சம் மாட்டுக்கு, கொஞ்சம் உப்பும் மோரும் போட்டு எங்களுக்கு.

மீன் பாடம் வந்த அன்று அக்கா ஆசிரியர் இருக்கையை விட்டு இறங்கிவிட்டார். “எனக்குக் கல்யாணச் சமையல்தான் தெரியும். மீனுக்கு இவதான் டீச்சர்” என்று வானகிரிப் பெண்ணைக் காட்டினார். அவளுடைய முதல் பாடம் அடுப்பில் இல்லை, ஏலம் போடும் இடத்தில். செவுளைத் தூக்கிப் பார், சிவப்பா இருக்கணும். கண்ணு உள்ள போயிருக்கக் கூடாது. அமுக்கின இடம் திரும்ப எழும்பணும். வாங்கி வந்ததைக் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவினோம். அரிவாள்மனையில் உட்கார்ந்து செதில் எடுக்க நானும் முயன்றேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, முக்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

குழம்பு கொதித்து, பச்சை வாடை போய், எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் துண்டுகளைப் போட்டாள். அதன் பிறகு கரண்டி உள்ளே போகக்கூடாது. சட்டியின் காதை இரு கையால் பிடித்து ஒரு சுழற்று. மீனின் தசை ஆட்டுக்கறி மாதிரி இறுகிய நார் கொண்டதல்ல, குறைந்த சூட்டிலேயே வெந்து அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். புளி அதைக் கொஞ்சம் கெட்டிப்படுத்திப் பிடித்து வைக்கிறது. இறக்கி வைத்த பிறகும் மண்சட்டி சூட்டை விடாமல் வைத்திருக்கும் என்பதால் முழுக்க வேகும் முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். எதற்கு மண்சட்டி என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இந்த விளக்கம் எதுவும் இல்லை. “அலுமினியத்துல புளி வச்சா நாக்குல வேற மாரி இருக்கும் சார், செஞ்சு பாருங்க.” அன்றைக்கே இரண்டிலும் வைத்துப் பார்த்தோம். கப்பல் பையன் கண்ணை மூடிக்கொண்டு ருசித்து எது எதில் வைத்தது என்று சரியாகச் சொன்னான்.

இந்தக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்று அரசு விதித்த தடை. அந்த மாதங்களின் சமையல் கருவாடு. வாளை, நெத்திலி, திருக்கை என ஒவ்வொன்றுக்கும் ஊறும் நேரம் வேறு, கூடச் சேரும் காய் வேறு. எனக்குப் பிடித்துப்போனது சென்னாக்குன்னி. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக இருக்கும் காய்ந்த குட்டி இறால். மணல் போகப் புடைத்து, வெறும் சட்டியில் வறுத்து, மீசையும் காலும் உதிரத் தேய்த்து, மறுபடி புடைத்து, வரமிளகாய், பூண்டு, வறுத்த தேங்காயோடு இடிக்க வேண்டும். இரண்டாம் முறை புடைப்பதை விட்டுவிட்டால் பொடி பல்லில் நறநறக்கும். எந்தச் சமையல் புத்தகத்திலும் இந்த இரண்டாவது புடைத்தலை நான் படித்ததில்லை. அதற்கு முறம் பிடிக்கத் தெரிய வேண்டும் என்பது வேறு விஷயம்.

எழுதி வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. தஞ்சை இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை ஆண்டவர்) தன் அரண்மனைச் சமையலைக் குறித்து வைக்கச் செய்தார். சரபேந்திர பாக சாஸ்திரம் என்ற அந்தக் குறிப்புகள் மராத்தியில் இருந்தவை, சரஸ்வதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. ஆங்கிலேயச் சமையல், பிராமணச் சமையல், மராட்டியச் சமையல் என்று தனித்தனிப் பகுதிகள். 1891இல் தொ. கி. இராமச்சந்திர ராயரின் இந்து பாக சாஸ்திரம் அச்சில் வந்தது. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வந்தபோதுதான் புத்தகம் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தது. உறவுக்காரர்கள் குறிப்பு கேட்டுக்கொண்டே இருந்ததால், புத்தகமாகவே எழுதிவிடு என்று பெரியவர் ஒருவர் சொல்ல எழுதியவர் அவர். அளவு, வரிசை, எத்தனை பேருக்கு என்று தெளிவாகக் கொடுத்தார். வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் அந்தப் புத்தகம் போயிருக்கிறது.

மேற்கே இந்த மாற்றம் பள்ளிக்கூடமாகவே நடந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1879இல் ஒரு சமையல் பள்ளி தொடங்கியது. அதன் தலைவியாக இருந்த ஃபேனி ஃபார்மர் 1896இல் போட்ட புத்தகத்தில், கரண்டியில் எடுத்த மாவைக் கத்தியால் வழித்து மட்டம் செய்தே அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பாரிஸில் 1895இல் ஒரு பத்திரிகையை ஒட்டிப் பிறந்ததுதான் லெ கார்டன் ப்ளூ, இன்று உலகெங்கும் கிளை வைத்திருக்கும் பள்ளி. எங்கள் அக்காவுக்கு ஃபேனி ஃபார்மரைத் தெரியாது. ஆனால் ஆழாக்கில் அரிசி எடுத்தால் விரலால் வழித்துவிட்டுத்தான் போடுவார். எட்டு ஆழாக்கு ஒரு படி. படிக்கு இத்தனை தலை என்று ஐந்நூறு பேர் பந்திக்கும் மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவார். ‘உத்தேசமா’ என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். “கைப்பக்குவம்னா கண்ண மூடிக்கிட்டு அள்ளிப் போடறதுன்னு நெனச்சீங்களா? என் கை அளந்து அளந்துதான் இப்படி ஆச்சு.”

இதில் சாதிக் கணக்கும் உண்டு, சொல்லாமல் போனால் நியாயமில்லை. இந்தப் பக்கத்துப் பெரிய சமையல் அறிவெல்லாம் மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தது. சைவ மடங்களில் சமைப்பவர் தவசிப்பிள்ளை, பிராமண வீட்டுக் கல்யாணத்தில் பரிசாரகர், கோயிலில் மடைப்பள்ளிக்காரர். இன்னார்தான் உள்ளே போகலாம். திருக்கண்ணபுரத்தில் இரவு நேரத்தில் பெருமாளுக்கு முனியோதரன் பொங்கல் படைக்கிறார்களே, அதைப் போன்ற பிரசாதங்களைப் படைக்கும் முன் யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. ருசி பார்க்காமல் உப்புப் போடும் அந்தத் திறமை தலைமுறை தலைமுறையாகச் சிலர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மீனவர் வீட்டு அறிவுக்கோ அறிவு என்ற பெயரே கிடைக்கவில்லை. அக்காவின் கொட்டகையில் வானகிரிப் பெண் டீச்சராக நின்ற அன்று எனக்கு இதுதான் மனதில் ஓடியது. யார் கையால் யார் சாப்பிடுவது என்ற பழைய சண்டையை ஒரு சமையல் வகுப்பு சத்தமில்லாமல் தாண்டிப் போகிறது. சத்துணவு 1982இல் தொடங்கியபோது பல ஊர்களில் அந்தச் சண்டை வெளியில் வந்ததை என் தலைமுறை ஆசிரியர்கள் நேரில் பார்த்திருக்கிறோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தது நாகை மாவட்டத்துத் திருக்குவளையில்தான். அதில் உப்புமாவும் பொங்கலும் கிண்டுகிறவர்கள் உள்ளூர் மகளிர் குழுப் பெண்கள்.

ஐப்பசி பிறந்ததும் அதிரசம். வகுப்பிலேயே பெரிய வாக்குவாதம் நடந்ததும் அன்றுதான். மாவு பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும் நிலையிலேயே இடித்துச் சலிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த மாவு பாகோடு சரியாகச் சேராது, அதிரசம் கல்லாகும். அடுத்தது பாகு. வெல்லம் கரைந்து, வடிகட்டி, மறுபடி கொதிக்கிறது. நீர் வற்ற வற்றப் பாகின் சூடு ஏறிக்கொண்டே போகும். ஆகவே எவ்வளவு சூடு என்பது எவ்வளவு நீர் மிச்சம் என்பதற்கான கணக்கு. மேற்கத்திய மிட்டாய்க்காரர்கள் இந்த நிலையை 112இலிருந்து 116 டிகிரி செல்சியஸ் என்று குறிக்கிறார்கள். நம் வீடுகளில் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டிப் பார்ப்பார்கள். உருண்டு வந்து, தக்காளிப் பழம் மாதிரி மெத்தென்று அமுங்கினால் தக்காளிப் பதம், இறக்கிவிடலாம். விட்டால் முற்றிப்போய், தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வரும். அது கடலை உருண்டைக்கு ஆகும், அதிரசத்துக்கு ஆகாது.

பையன் வெப்பமானியை விட்டுப் பார்த்து “இன்னும் வரலக்கா” என்றான். அக்கா விரலால் உருட்டிக் காட்டி “வந்துருச்சு” என்றார். இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் பாகை இரண்டாகப் பிரித்து, பாதியை அக்கா சொன்ன நேரத்திலும் மீதியைப் பையன் சொன்ன சூட்டிலும் இறக்கி, தனித்தனியாக மாவு போட்டார்கள். ஒரு இரவுக்கு மேல் ஊறவிட்டுச் சுட்டபோது, அக்காவுடையது மெத்தென்று வந்தது. பையனுடையது ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் கொஞ்சம் கெட்டியாக. வெப்பமானி பொய் சொல்லவில்லை. அது சுத்தமான சர்க்கரைக்கு எழுதிய கணக்கு, வெல்லத்தில் வேறு பொருள்களும் கலந்திருக்கின்றன, ஒவ்வொரு அச்சும் ஒவ்வொரு மாதிரி. பையன் தன் நோட்டில் நம் வெல்லத்துக்கு என்று ஒரு எண் எழுதிக்கொண்டான். அடுத்த முறை அக்காவே அவனை அழைத்து “உன் குச்சிய விட்டுப் பாரு, எவ்ளோ காட்டுது?” என்று கேட்டதைப் பார்த்தேன். எனக்கோ ஓரம் மொறுமொறுத்ததுதான் பிடித்திருந்தது. அதை அங்கே சொல்லவில்லை.

எங்கள் கொட்டகையைத் தேடி யாரும் வர வேண்டியதில்லை. டெல்டாவில் கற்றுக்கொள்ள வேறு வழிகள் நிறைய இருக்கின்றன. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாமே இலவசம். கர்நாடகத்தில் தர்மஸ்தலா பக்கம் 1982இல் தொடங்கிய முயற்சியைப் பார்த்து நாடு முழுக்க வந்தவை அவை. ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி, துரித உணவு என்று பத்து நாள் அளவில் கற்றுத்தந்து, வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுகிறார்கள். பக்கத்துப் புதுச்சேரியில் 1974இல் இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கியது. அந்த வரிசையில் நாகப்பட்டினத்துக்கு அருகே சிக்கலில் ஒன்று இருக்கிறது. மீன் ஊறுகாய், மீன் கட்லெட் போன்றவற்றை விற்பனைக்குச் செய்ய நினைப்பவர்கள் நாகையில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பயிற்சிகளை விசாரிக்கலாம். தானியம், சிறுதானியத்தில் பதப்படுத்திய பொருள் செய்ய வேண்டுமென்றால் தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி வளர்ந்த நிறுவனம் அது. ஹோட்டல் வேலைதான் குறி என்றால் திருச்சி துவாக்குடியில் அரசின் ஹோட்டல் மேலாண்மைப் பயிற்சி நிறுவனம்.

விருந்தாளியாகப் போய்ச் சமைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காரைக்குடி. அங்கே ‘தி பங்களா’ என்ற விடுதியில் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி செட்டிநாட்டுச் சமையலுக்கு வகுப்புகள் ஏற்படுத்தி, அதை வெளிநாட்டுக்காரர்கள் வரை கொண்டு சேர்த்தார். எங்கள் ஊருக்கும் அதற்கும் பழைய சொந்தம் உண்டு. தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டி நாட்டுக்குப் போனவர்கள் என்பது நகரத்தார் மரபு வழிச் செய்தி. ஆடி மாதம் பட்டினத்தார் விழாவுக்கு இன்றும் அவர்கள் பூம்புகார் பல்லவனேஸ்வரம் கோயிலுக்கு வருகிறார்கள். எங்கள் அக்கா அதைப் பிடித்துக்கொண்டு, செட்டிநாட்டு மணமெல்லாம் இங்கேயிருந்து போனதுதான் என்பார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, இருந்தாலும் மறுத்துப் பேச எங்களில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு அடுப்புக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் நீங்கள் வேடிக்கைதான் பார்ப்பீர்கள். காய் நறுக்கி, மசாலா அரைத்து, எல்லாம் கிண்ணத்தில் தயாராக வைத்திருந்தால் கிளறுவது மட்டும்தான் உங்களுக்கு மிச்சம். சமையலில் பாதி நறுக்குவதில் இருக்கிறது, ஒரே அளவாக நறுக்காத காய் ஒரே நேரத்தில் வேகாது. தீய்ந்து போனால் சொல்லிக்கொடுப்பவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கரண்டியைப் பிடுங்கித் தானே சரிசெய்துவிட்டால் அந்த இடம் வேண்டாம். பாத்திரம் கழுவ ஆள் வைத்திருந்தால் அதையும் சந்தேகப்படுவேன். அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்தவன்தான் அடுத்த முறை தீயைக் குறைப்பான். சான்றிதழ் தருகிறார்களா என்ற கேள்வி, கடை வைக்கிறவருக்கும் கடன் கேட்கிறவருக்கும் முக்கியம். வீட்டுக்குச் சமைக்கிறவருக்கு அந்தக் காகிதத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

நர்ஸுக்கு விசா வந்துவிட்டது. பெட்டியில் இருபத்து மூன்று கிலோதான் அனுமதி என்று புலம்பிக்கொண்டே ஒரு சின்ன மண்சட்டியைச் சேலையில் சுற்றி வைத்திருக்கிறாள். லண்டனில் கிடைக்கும் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அக்காவிடம் கேட்டாள். “எனக்கென்னம்மா தெரியும், நசுக்கிப் பாரு” என்று பதில் வந்தது. வானகிரிப் பெண் சென்னாக்குன்னிப் பொடியைப் பாக்கெட் போட்டு, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். லேபிளில் போட ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டுமாம், அந்த வேலை எனக்கு. வருகிற ஞாயிறு சுறாப்புட்டு. பால்சுறா கிடைத்தால்தான். கிடைக்காவிட்டால் வாழைப்பூ வடை என்று அக்கா சொல்லியிருக்கிறார், பூ ஆய்வது இந்த முறை என் முறை.